தோளுக்கு வந்த மலை

என் பெற்றோரிடம் ஒரு லாஞ்ச் இருந்தது. படகு என்று சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. முப்பத்திரண்டு அடி நீளம், ஒன்பது அடி அகலம், நடுவில் ஒரு பலகைக் கூண்டு, கூண்டுக்குக் கீழே மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். பினாங்குத் துறைமுகம் தனக்கு வேண்டாம் என்று கழித்து ஏலத்தில் விட்ட பழைய லாஞ்ச் அது. அப்பா ஓய்வு பெற்ற ஆண்டும் அது ஓய்வு பெற்ற ஆண்டும் ஒன்று. எடுத்து வந்து ஜெலுத்தோங் மீனவர் ஜெட்டியில், அந்தப் படகுத்துறையின் கடைசிக் கம்பத்தில் கட்டினார். ஐந்து மாதம் சுரண்டி, அடைத்து, வெள்ளையும் பச்சையுமாகச் சாயம் பூசினார்.

அந்த டிசம்பரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு லங்காவித் தீவுக்குப் போனார். அதற்கு முன் அம்மா ஏறியிருந்த கப்பல் பட்டர்வொர்த் ஃபெர்ரி ஒன்றுதான்.

பினாங்கில் குளிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனால் கடலுக்கு உண்டு. வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் நாட்டின் கிழக்குக் கரை கொந்தளிக்கும். எங்கள் பக்கமோ துடைத்து வைத்த பலகை மாதிரிக் கிடக்கும். தீபாவளி மழை ஓய்ந்து, கார்த்திகை விளக்கு ஏற்றி முடித்த வாரத்தில் இருவரும் கிளம்புவார்கள். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னதாகத் திரும்பிவிடுவார்கள், தண்ணீர்ப் பந்தலில் அப்பாவுக்கு வேலை இருக்கும். அம்மா அதை "மார்கழிப் பயணம்" என்பார். ஏதோ திருத்தலத்துக்குப் போய்வருவதைப் போன்ற குரலில்தான் சொல்வார்.

நான் ஒரு பள்ளியின் அறிவியல் கூடத்தில் உதவியாளர். குப்பிகளுக்குப் பெயர் ஒட்டுவதும், எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று எழுதி வைப்பதும் என் தொழில். வீட்டிலும் அப்படித்தான். பதினெட்டு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். ஆகையால் கீழே வரும் நேரங்கள் நினைவிலிருந்து வந்தவை அல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். லாஞ்ச்சில் டிரைவர் என்றால் ஓட்டுபவர் அல்ல. மேலே சுக்கானைப் பிடிப்பவர் செராங். கீழே எஞ்சின் அறையில், மணியடிக்கும் ஓசையைக் கேட்டு எஞ்சினை முடுக்கியும் அடக்கியும் இருப்பவர்தான் டிரைவர். அப்பா துறைமுகத்தின் லாஞ்ச்சுகளில் முப்பத்தோரு ஆண்டுகள் டிரைவராக இருந்தார். சொந்த லாஞ்ச்சிலும் அவர் கீழேதான். சுக்கானை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். லைசென்ஸ் அப்பாவிடம் இருந்ததால் அம்மா சுக்கான் பிடிப்பதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

இதனால் அந்தச் சிறிய லாஞ்ச்சுக்குள் இரண்டு மொழிகள் உண்டாயின. கீழே அப்பாவின் மொழி. எஞ்சினின் உறுப்புகளுக்கு அவர் உறவுமுறையில் பெயர் வைத்திருந்தார். வேலையில் இருந்த காலத்தில் புதிதாக வரும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஆங்கிலப் பெயர் மனத்தில் நிற்காததால் அப்படிச் சொல்லிக் கொடுத்தாராம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இவ்வளவுதான் என்று எண்ணெயை அளந்து அனுப்பும் பம்பு மாமியார். அதை வாங்கிச் சீறும் மூன்று நாசில்களும் மருமகள்கள். தான் முதலில் அசைந்தால்தான் மற்றது நடக்கும் என்பதால் கனத்த சக்கரம் தாய்மாமன். எஞ்சினையும் வெளியே போகும் தண்டையும் இணைக்கும் கியர்ப் பெட்டி சம்பந்தி. தண்டு வெளியேறும் இடத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும் அடைப்பு சின்ன மாப்பிள்ளை. இறுக்கினால் சூடாவார், தளர்த்தினால் வீட்டை மூழ்கடிப்பார்.

மேலே அம்மாவின் மொழி. கடல் வரைபடம் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முதல் ஆண்டு ஒரு பழைய செராங் உடன் வந்து, எந்த மலை எங்கே தெரிந்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். அம்மா அதைத் தன் வார்த்தைகளில் போட்டு வைத்துக்கொண்டார். கீழே இருக்கும் அப்பாவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அவ்வப்போது உரக்கச் சொல்வார். "கரடு மூக்குக்கு வந்தாச்சு." "மலை தோளுக்கு வந்தாச்சு." கீழேயிருந்து அப்பா, "சரி புள்ள," என்பார்.

பினாங்குப் பாலம் திறந்த மறு ஆண்டு, ஆகஸ்டில், அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. ஜெட்டியில் எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடி போட்டுச் சுழற்றும்போது நெஞ்சில் வலித்திருக்கிறது. வாயு என்று நினைத்து, கைப்பிடியைத் துடைத்து இடத்தில் வைத்து, கதவைப் பூட்டி, பஸ் ஏறி, ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி வீட்டுக்கு வந்து, "கொஞ்சம் சுக்குத் தண்ணி போடு புள்ள," என்று கேட்டார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் கார் சாவியைக் கேட்டுக் கதவைத் தட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மூன்று விஷயங்களைச் சொன்னார். பாரம் தூக்கக் கூடாது. படி ஏறக் கூடாது. அந்தக் கைப்பிடியைத் தொடவே கூடாது. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய உடல்நலச் சான்றிதழில் கையெழுத்துப் போட அவர் மறுத்துவிட்டார்.

"அப்ப கடலுக்கே போகக் கூடாதுங்களா டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

"ஏன் போகக் கூடாது? தாராளமா போங்க அங்கிள். பாசெஞ்சரா போங்க."

வீட்டுக்குத் திரும்பி லிஃப்டில் ஏறியதும் அப்பா ஒருமுறை, "பாசெஞ்சரு," என்றார்.

என் அண்ணன் பட்டர்வொர்த்தில் ரயில்வேயில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் கடலில் மீன் கூண்டு வைத்திருக்கும் ஒருவர் லாஞ்ச்சைக் கேட்கிறாராம். இந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. முந்தின இரவு நான் ஒரு தாளில் நடுக்கோடு கிழித்து, ஒரு பக்கம் விற்பதற்கான காரணங்களையும் மறுபக்கம் வைத்துக்கொள்வதற்கான காரணங்களையும் எழுதியிருந்தேன். விற்பதற்குப் பதினொன்று. வைத்துக்கொள்வதற்கு இரண்டு. அந்தத் தாளை அண்ணனிடம் கொடுத்ததும் நான்தான்.

"நல்ல மனுசன்பா. கூண்டுக்குத் தீனி ஏத்திட்டுப் போகத்தான் கேக்கிறாரு. பத்திரமா வெச்சிக்குவாரு லா," என்றார் அண்ணன்.

"மீன் தீனியா?" என்றார் அப்பா.

"சும்மா கட்டிப் போட்டா மரம் உளுத்துப் போயிடும். நீங்களேதான் சொல்வீங்க."

அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். கையில் கரண்டி. "லைசென்ஸ நான் எடுக்கிறேன்," என்றார்.

அண்ணன் காரின் ஸ்டீயரிங்கைத் திருப்புவதைப் போலக் கையை ஆட்டிச் சிரித்தார். "என்ன லைசென்ஸ்மா? கெரேத்தா ஓட்டப் போறீங்களா?"

"எஞ்சின் டிரைவர் லைசென்ஸு."

"அம்மா, ஒங்களுக்கு அம்பத்தேழு வயசு."

"அம்பத்தேழுன்னா குடுக்க மாட்டோம்னு அங்க யாரும் சொல்லல. வெள்ளிக்கிழமையே போயிக் கேட்டுட்டு வந்துட்டேன்."

இதைப் பற்றி என்னிடமும் சொல்லியிருக்கவில்லை. என் டைரியில் அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே "அம்மா பாசார், 9.15 முதல் 11.40 வரை" என்று இருந்தது. மீன் வாங்க இவ்வளவு நேரமா என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அண்ணன் நெடுநேரம் யோசித்து ஒரு நிபந்தனை போட்டார். அம்மா தேறிவிட்டால் இந்த டிசம்பர் மட்டும் போகலாம், நானும் கூடப் போக வேண்டும். தேறாவிட்டாலும் சரி, போகிற வழியில் தொல்லை வந்தாலும் சரி, லாஞ்ச் பத்து காவானுக்கு. அம்மா, "சரி," என்றார். அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் அவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார் என்று குறித்திருக்கிறேன்.

விண்ணப்பத்துக்கு அம்மாவுக்கும் உடல்நலச் சான்றிதழ் வேண்டும். அதற்காகச் செய்த பரிசோதனையில் அம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருப்பது தெரிந்தது. அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. மாத்திரை கொடுத்து, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். சர்க்கரை இறங்கினால் கையெழுத்து, இறங்காவிட்டால் இல்லை.

வெளியே வந்து ஆஸ்பத்திரி எதிரில் இருந்த கடையில் உட்கார்ந்தோம். அம்மா வாழ்நாள் முழுவதும் குடித்தது கெட்டிப் பால் ஊற்றிய டீ. கடைக்காரர் தம்பி வந்து நின்றார். அம்மா ஒரு கணம் கண்ணாடிப் பெட்டியில் இருந்த வடையைப் பார்த்தார். பிறகு, "தே ஓ கோசோங்," என்றார். பாலும் சீனியும் இல்லாத கறுப்புத் தேநீர். அதை மருந்து குடிப்பதைப் போலக் குடித்து முடித்து, "எஞ்சினுக்கு டீசல் ஊத்துறதில்லையா, அது மாதிரி," என்றார்.

ஆறு வாரமும் காலையில் ஒன்பது மாடி இறங்கி, சுற்றி நடந்து, லிஃப்டில் ஏறுவார். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறுவதும் படிதான். நான் ஒரு அட்டவணை போட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்: மாத்திரை, சாப்பாடு, நடை. அம்மா ஒரு கட்டத்தைக்கூட விடவில்லை. ஏழாவது வாரத் திங்கட்கிழமை டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

பாடம் ஜெட்டியில் நடந்தது. அப்பா எஞ்சின் அறை வாசலில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். கை தானாக நீளுமே என்பதால் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். வாயால் மட்டும் பாடம்.

"கட்டவெரல உள்ள மடக்காத. நாலு வெரலோட சேத்து ஒரே பக்கமா வை. எஞ்சின் எதுத்து அடிச்சா கட்டவெரலு போயிரும்."

"இப்படியா?"

"ஆங். கையால சுத்தாத புள்ள. ஒடம்ப முன்னால பின்னால ஆட்டு. கைப்பிடி தானா சுத்தும்."

பரீட்சை மலாயில் நடக்கும். எனவே உறுப்புகளின் மலாய்ப் பெயர்களைச் சிறிய அட்டைகளில் எழுதி ஒவ்வொன்றிலும் நான் ஒட்டினேன். பள்ளியில் குப்பிகளுக்கு ஒட்டும் அதே அட்டை, அதே பசை. எண்ணெய் பட்டு இரண்டு நாளில் உரிந்து விழுந்தன. மறுபடி கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். அம்மா தினமும் படித்தார். படித்துவிட்டு, "இதான மாமியாரு?" என்று அப்பாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். அதில் இருந்த ஆபத்து எனக்கு அப்போது தோன்றவில்லை.

பரீட்சை நாள் காலை பத்தரை மணிக்கு, துறைமுகப் பக்கத்தில் ஒரு கொட்டகையில். உள்ளே மேடைமேல் ஒரு எஞ்சின். தாழ்வாரத்து பெஞ்சில் நானும் அப்பாவும். ஜன்னல் திறந்திருந்ததால் உள்ளே நடப்பது எல்லாம் தெரிந்தது. அம்மாவோடு சேர்த்து ஏழு பேர். மற்ற ஆறு பேரும் இளைஞர்கள். பரீட்சை அதிகாரி என் வயதை ஒத்த மலாய்க்காரர். அம்மாவின் முறை வந்ததும் விண்ணப்பத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி விண்ணப்பத்தைப் பார்த்தார். பிறகு, வயதான பெண்களை மலாயில் அழைக்கும் சொல்லால் மரியாதையாகவே, "மக்சிக், எண்ணெயை அளந்து அனுப்பும் உறுப்பு எது?" என்று கேட்டார்.

அம்மாவின் கை நேராகச் சரியான இடத்துக்குப் போனது. வாய்தான் வரவில்லை. பெயரைச் சொல்லும்படி அதிகாரி மீண்டும் கேட்டார். அம்மாவின் உதடு இரண்டு முறை அசைந்தது. பிறகு தமிழில் இருந்த பெயரை அப்படியே மலாய் ஆக்கிச் சொல்லிவிட்டார்.

"மாக் மெர்துவா."

மற்ற ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார். எஞ்சினில் மாமியார்.

"தொலைஞ்சிச்சு," என்றார் அப்பா என் காதருகில். "எல்லாம் என் வாயாலதான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இது ஏன் மாமியார்?" என்று கேட்டார்.

அம்மாவின் மலாய் பாசார் மலாய், சந்தையில் பேசிப் பழகியது. கைகளையும் சேர்த்துக்கொண்டுதான் பேசுவார். "துவான், இவங்க அடுப்பில நிக்கமாட்டாங்க. ஆனா யாருக்கு எவ்வளவுன்னு அளந்து குடுக்கிறது இவங்கதான். அங்க மூணு மருமக காத்திருக்காங்க. ஒருத்திக்குக் கொறைஞ்சா வீடே ஆடும்," என்றார்.

இளைஞர்களில் ஒருவன் குனிந்து சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. கியர்ப் பெட்டியைக் காட்டி, "அப்படியானால் இது?" என்றார்.

"பெசான்."

சம்பந்திக்கு மலாயிலும் ஒரு சொல் இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். அதிகாரியின் முகம் அப்போதுதான் இளகியது. "பெசான் சூடாகிவிட்டால் என்ன செய்வீர்கள் மக்சிக்?"

"மல்லுக்கு நிக்கக் கூடாது துவான். ரெண்டு பக்கத்தையும் நிறுத்திட்டு ஆற விடணும். அப்புறம் எண்ணெய் கொறைஞ்சிருக்கான்னு பாக்கணும்."

அவர் எழுந்து பக்கத்து அறையிலிருந்து இன்னொரு அதிகாரியைக் கூட்டி வந்தார். கேலி செய்யத்தான் அழைக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் இருவரும் அம்மாவை அரை மணி நேரம் நிற்க வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். புகை கறுப்பாக வந்தால்? வெள்ளையாக வந்தால்? எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்தால் எந்தத் திருகை முதலில் தளர்த்துவது? அம்மா ஒவ்வொன்றையும் கையால் தொட்டுக் காட்டிச் சொன்னார். கடைசியில் முதல் அதிகாரி சொன்னார்: "காகிதத்தில் மாமியார் என்று எழுத முடியாது மக்சிக். முறையான பெயர்களை ஒருமுறை சொல்லிவிடுங்கள்." பதற்றம் போயிருந்ததால் என் அட்டைகள் இப்போது அம்மாவின் நினைவுக்கு வந்தன. இரண்டைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார்.

பிறகு கைப்பிடி. அம்மா சேலை முந்தானையை இழுத்துச் செருகினார். நான்கு விரலோடு கட்டைவிரலையும் ஒரே பக்கமாக வைத்தார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்பா என் முழங்கையைப் பிடித்திருந்த இடத்தில் அவர் விரல் பதிந்த சிவப்பு சாயங்காலம்வரை இருந்தது.

ஏழு பேரில் நான்கு பேர் தேறினார்கள். நான்கில் ஒருவர் என் அம்மா.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் கிளம்பினோம். ஜெலுத்தோங்கிலிருந்து புறப்பட்டது காலை 6.10. அம்மா கீழே. அப்பா சுக்கானில். சுக்கான் பிடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கியிருந்தோம். எனக்கு வேலை இரண்டு: கடிகாரமும் அம்மாவின் அட்டவணையும்.

வெல்ட் கீ பக்கத்து ஜெட்டிகளைத் தாண்டி வடக்கு வாய்க்காலில் வெளியேறும்வரை அப்பா விறைப்பாக நின்றார். வெயில் ஏறியதும் வலப்பக்கத்தில் கெடாக் கரை தெளிந்தது. அதன்மேல் ஜெராய் மலை எழுந்து நின்றது. அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ பெருசாவா இருக்கு?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கடலில் முப்பத்தோரு ஆண்டும், அதன் பிறகு தன் லாஞ்ச்சில் ஐந்து மார்கழியும் இருந்தவர், கடலைப் பார்த்ததே இல்லை. எஞ்சின் அறைக்கு ஜன்னல் கிடையாது. வழி முழுவதையும் அவர் அறிந்தது சத்தத்தால். மேலேயிருந்து அம்மா கத்தும் வார்த்தைகளால்.

அந்த வார்த்தைகளைக் கொண்டுதான் அன்றும் ஓட்டினார். மலை தோளுக்கு வந்தால் சோற்றுக்கைப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். 8.50க்கு அவர் லாஞ்ச்சை வலப்பக்கம் திருப்பினார். வழி அவருக்கு மனப்பாடம்தானே என்று நான் கேள்வி கேட்கவில்லை. 9.35 வாக்கில் எஞ்சினின் குரல் கனத்தது. எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் பக்கவாட்டுக் குழாயிலிருந்து விழும் தண்ணீர் சேறு கலந்து தேநீர் நிறத்தில் விழுந்தது. உடனே எஞ்சின் நின்றது. அம்மா நிறுத்திவிட்டார்.

கீழேயிருந்து அம்மாவின் தலை எழுந்தது. கரையில் தெரிந்த யான் ஊரைப் பார்த்தார். "தென்ன மரத்த எண்ணலாம் போல இருக்கே. எங்க போறீங்க? யான்ல எறங்கிக் கடையில சாப்பிடப் போறீங்களா?"

"நீதான புள்ள வருசா வருசம் கத்துவ, தோளுக்கு வந்தாச்சு தோளுக்கு வந்தாச்சுன்னு."

"ஆமா."

"அந்தா தோளு." அப்பா மலை உச்சிக்குக் கீழே சரிந்து இறங்கும் மேட்டைக் காட்டினார். அதற்கு நேராகத்தான் முக்கால் மணி நேரமாக ஓட்டி வந்திருந்தார். "அதுக்கு நேரா வெச்சேன்."

"மலையோட தோளா?"

"பின்ன யாரோட தோளு?"

"என் தோளுங்க!" அம்மா தன் வலத் தோளை எண்ணெய்க் கையால் அறைந்தார். ரவிக்கையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தது. "நான் நேராப் பாத்து நிக்கையில மலை என் தோளுக்குப் பக்கவாட்டுல வரணும். அப்பதான் திரும்பணும். அதுவும் கொஞ்சூண்டு!"

அப்பா அம்மாவின் தோளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "இத நீ சொல்லவே இல்லியே," என்றார். நான் அடக்க முடியாமல் சிரித்தேன். பிறகு ஓத அட்டவணையைப் பிரித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. நீர் ஏறி முடிய நாற்பது நிமிடம் இருந்தது. அதற்குள் பின்வாங்காவிட்டால் நீர் இறங்கும், லாஞ்ச் சேற்றில் உட்காரும், சாயங்காலம்வரை அசையாது. மீனவர் யாராவது வந்து இழுக்க வேண்டியிருக்கும். தொல்லை என்று அண்ணன் சொன்னது இதைத்தான்.

அம்மா கீழே போனார். கடல் தண்ணீர் உள்ளே வரும் குழாயை அடைத்து, வடிகட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த சேற்றையும் ஒரு சிறு நத்தையையும் எடுத்து வெளியே எறிந்தார். மாட்டினார், திறந்தார். பன்னிரண்டு நிமிடம். கைப்பிடியைப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. எஞ்சின் இருமியது, பிடிக்கவில்லை. மறுபடி மூன்று. பிடிக்கவில்லை.

எஞ்சின் அறை வாசலில் அந்த மரப்பெட்டிமேல் வந்து உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார். "நகரு. ஒரே சுத்து."

"போன வாட்டியும் ஒரே சுத்துதான் சுத்துனீங்க," என்றார் அம்மா. "ஒக்காருங்க."

அப்பா உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் செய்த கடினமான வேலைகளில் அது ஒன்று என்று நினைக்கிறேன்.

அம்மாவின் கை நடுங்குவதை அப்போதுதான் பார்த்தேன். நெற்றி முழுவதும் வியர்வை. கடிகாரம் 10.05. மாத்திரை சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடாதிருக்கத் தரும் ஒன்பது மணிப் பலகாரத்தை நான் கொடுக்கவில்லை. மலையையும் கரையையும் பார்த்துக்கொண்டிருந்ததில் அட்டவணையை மறந்திருந்தேன். அதுவரை ஒருமுறையும் தவறாத ஒரு கட்டம் என்னால் தவறியிருந்தது. ஓடிப்போய் பிஸ்கட்டும் ஒரு டம்ளர் சீனித் தண்ணீரும் கொண்டு வந்தேன். அம்மா படியில் உட்கார்ந்து அவசரமில்லாமல் சாப்பிட்டார். நாங்கள் இருவரும் நின்று பார்த்தோம். யாரும் நேரத்தைச் சொல்லவில்லை. எட்டு நிமிடம்.

எழுந்ததும் அப்பாவிடம் சொன்னார்: "லீவரு ரெண்டு வெரல்ல விழுமில்ல? அதுக்கு டாக்டரு ஒண்ணும் சொல்லல. நான் சுத்தறேன். 'இப்ப'ன்னதும் போடுங்க."

சுற்றும்போது சிலிண்டர்களில் அழுத்தம் இல்லாமல் வால்வுகளைத் தூக்கிப் பிடிக்கும் சிறிய லீவர் அது. சரியான நொடியில் விட வேண்டும். அதுவரை எல்லா மார்கழியிலும் அப்பா சுற்ற, அம்மா விடுவார். இப்போது அம்மா உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிச் சுற்றினார். சக்கரம் வேகம் எடுத்தது.

"இப்ப!"

அப்பாவின் இரண்டு விரல் அசைந்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பின்னோக்கி நகர்ந்து ஆழத்துக்கு வந்தோம். நீர் முட்டி நிற்க அப்போது பத்து நிமிடம் மிச்சம். அதன் பிறகு அப்பா ஒவ்வொரு கால் மணிக்கும் குனிந்து, "இப்ப மலை எந்தப் பக்கம் இருக்கணும்?" என்று கீழே கேட்டார். அம்மா சத்தத்துக்கு மேல் பதில் கத்தினார். இரவு தங்கக் கோலக்கெடாவில் கட்டும்போது பிற்பகல் மூன்றாகியிருந்தது.

ஜெட்டிக்கு வெளியே இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு நடந்தது அனைத்தையும் நேரத்தோடு சொன்னேன். மறைத்தால் அவருடைய நிபந்தனைக்கு அர்த்தமில்லை.

"யாரு ஸ்டார்ட் பண்ணது?" என்றார் அண்ணன்.

"அம்மா."

"அப்பா கைப்பிடியில கை வெக்கலியே?"

"லீவர் மட்டும். ரெண்டு வெரல்."

"பலகாரம் மறந்தது நீயா?" அவர் குரலில் சிரிப்பு வந்துவிட்டது. "சேத்துல மாட்டி அவங்களே வெளிய வந்துட்டாங்கன்னா அப்புறம் எனக்கு என்ன லா வேலை. கூண்டுக்காரர வேற லாஞ்ச்சு பாத்துக்கச் சொல்றேன்."

மறுநாள் காற்றே இல்லை. மத்தியானம் 12.20க்கு லங்காவியின் குவா ஜெட்டியில் கயிறு போட்டோம். சீருடை போட்ட இளம் அதிகாரி ஒருவர் படிவத்தோடு வந்தார். வெளியூரிலிருந்து வரும் லாஞ்ச்சுகளின் விவரத்தை எழுதுவது அவர் வேலை. ஜெட்டியில் நின்றபடியே அப்பாவைப் பார்த்து, டிரைவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

அப்பா பழக்கத்தில் எழுந்துவிட்டார். கையும் படிவத்தை நோக்கி நீண்டுவிட்டது. நீண்ட கையைப் பாதியில் நிறுத்தி, சுக்கானின்மேல் வைத்தார். திரும்பி எஞ்சின் அறையை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"டிரைவரே, மேல வாங்க. ஒங்களத்தான் கேக்கிறாங்க."

அப்பா அம்மாவை "நீ" என்றும் "புள்ள" என்றும்தான் அழைப்பார். நான் பிறந்த நாள் முதல் கேட்டு வந்தது அதுதான். "வாங்க" என்று கேலிக்குக்கூடச் சொன்னதில்லை. அன்று அவர் குரலில் கேலி இல்லை. துறைமுகத்தில் ஒரு டிரைவரை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படிக் கூப்பிட்டார்.

அம்மா படியில் பாதி ஏறி வந்து நின்றார். தனக்குப் பின்னால் எஞ்சின் அறைக்குள் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"யாரக் கூப்பிடறீங்க?"

"டிரைவரத்தான்," என்றார் அப்பா. "கையத் தொடச்சிட்டு வாங்க. ஆபீசரு நிக்கிறாரு."